ஊர்வன — எவர் சொல்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் 1925ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 23ஆம் நாள் விடுதலை மறவர் ஒருவர் உயிர்நீத்தார். வ.உ. சிதம்பரனாரோடு 1908இல் சிறை புகுந்து, அச்சிறையிலே தொழுநோய் பெற்று, அந்நோயைக் கரணியங்காட்டித் தொடர்வண்டியில் ஏறவிடாது தடுத்தபோதும் ஊர் ஊராக நடந்தே விடுதலை முழக்கம் செய்த சுப்பிரமணிய சிவாவே அவர். அவர் பெயரால் அவ்வூரில் மணிமண்டபம் எழுந்துள்ளது. அவர் அங்கு நிறுவக் கனவு கண்ட 'பாரதமாதா' கோயிலைப் பற்றி மேடைதோறும் பேசுகின்றனர். ஆனால் அவர் செய்த இன்னொரு செயலைப் பேசுவாரில்லை.

தாம் நடத்திய 'ஞானபாநு' இதழில், 1915இல், வடமொழி கலவாத தனித்தமிழில் கட்டுரை எழுதுவோர்க்கு ஐந்து உருபா பரிசு தருவதாக அவர் அறிவித்தார்! வேதாசலனார் மறைமலையடிகளாகிய 1916ஆம் ஆண்டுக்கும் முற்பட்ட அறிவிப்பு அது. இதழின் பெயரோ வடமொழி. அவர் கண்ட நிலையத்தின் பெயரும் வடமொழி. அவர் எழுத்தும் பெரும்பாலும் கலப்பு நடையே. இருந்தும், தனித்தமிழில் எழுத ஒல்லுமா என்று நாட்டாரை வினவிப் பார்க்கும் எண்ணம் அவருக்கு எழுந்தது. பார்ப்பனக் குடியிற் பிறந்த அவருக்கு எழுந்த அவ்வெண்ணம், தமிழ்க்குடியிற் பிறந்து தமிழால் உண்டுடுத்து வாழும் பலர்க்கு இன்றுவரை எழவில்லை. ஐந்து உருபா என்பது அந்நாளில் சிறு தொகையன்று. எனினும் அவர் வைத்தது பணமன்று, ஒரு வினா. தமிழ், பிறமொழித் துணையின்றித் தன் காலில் நிற்குமா என்பதே அவ்வினா.

அதே வினா அதே நிலப்பகுதியில் வேறொரு வடிவிலும் எழுந்தது. தருமபுரி அந்நாளில் தனி மாவட்டமன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அச்சேலத்தில் 1916இல் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கென்றே ஒரு கழகம் கண்டு இதழும் வெளியிட்டனர். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க வேண்டும் என்ற அவர்தம் நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் கலைச்சொல் என்றால் வடமொழிக் கிடங்கிலிருந்தே எடுத்தாக வேண்டும் என்னும் மயக்கம் அக்காலக் கற்றோரிடை ஆழ வேரூன்றியிருந்தது. அம்மயக்கம் 1940இல் அரசின் முத்திரையோடு வெளிப்பட்டது. சென்னை அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் கலைச்சொற் குழுவொன்றை அமைத்தது. தென்னாட்டு மொழிகளுக்கெல்லாம் வடசொற்களையே பொதுச்சொற்களாக்கிவிட வேண்டும் என்ற போக்கு அதில் தலைதூக்கியது. தமிழறிஞர் கொதித்தெழுந்தனர். அன்று அவர்கள் வாய்மூடி இருந்திருப்பின், இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பாம்பையும் பல்லியையும் ஆமையையும் முதலையையும் என்ன பெயரிட்டு அழைப்பர்?

சரீசிருபங்கள் என்று அழைப்பர்.

இது நகையாடலன்று. தெலுங்குப் பாடநூலைத் திறந்து பார்க்க. கன்னடப் பாடநூலைத் திறந்து பார்க்க. இந்தி நூலையும் வங்க நூலையும் பார்க்க. எங்கும் 'சரீசிருபம்' என்ற வடசொல்லே அவ்வுயிர் வகுப்பின் பெயராக வீற்றிருக்கிறது. மலையாளத்தில் 'உரகம்', சிங்களத்திலும் 'உரக'. தமிழ்ப் பிள்ளையோ 'ஊர்வன' என்கிறது. அப்பிள்ளைக்கு எவரும் பொருள் விளக்க வேண்டுவதில்லை. ஊர்வதெல்லாம் ஊர்வன. சொல்லே பொருளாய் நிற்கிறது. பொருளே சொல்லாய் நிற்கிறது.

இச்சொல்லின் அமைப்பைச் சற்றே பிரித்துக் காண்க. ஊர் என்பது முதனிலை. வகர மெய் எதிர்கால இடைநிலை. அன் சாரியை. ஈற்று அகரம் அஃறிணைப் பலவின்பால் ஈறு. ஊர்+வ்+அன்+அ = ஊர்வன. எதிர்கால இடைநிலை இங்கு வரவிருக்கும் நாளைக் குறிக்கவில்லை. என்றும் அவ்வாறே இருக்கும் இயல்பைக் குறிக்கிறது. மாடு புல் தின்னும் என்பதிலும் கோழி கூவும் என்பதிலும் உள்ள இயல்புக் காலமே இது. ஆகவே ஊர்வன என்பதற்கு 'ஊர்தலையே இயல்பாக உடையவை' என்று பொருள். பறப்பன, நடப்பன, நீந்துவன, ஊர்வன என்று உயிர்களைச் செலவு வகையால் பகுத்த அமைப்பில் ஒரு தூசியேனும் கடன் உண்டா? வினை தமிழ், இடைநிலை தமிழ், ஈறு தமிழ், பகுக்கும் அறிவும் தமிழ்.

இனி, ஊர்தல் என்னும் வினை. உடல், தான் பற்றிய பரப்பை விட்டு நீங்காமல் அதன் மேலாகவே செல்லுதல் ஊர்தல். அடி எடுத்து வைத்துச் செல்வது நடத்தல். மண்ணை விட்டு எழுந்து வீழ்ந்து செல்வது தாவுதல். கையும் முழங்காலும் ஊன்றிச் செல்வது தவழ்தல். பாம்பு ஊர்கிறது, எறும்பு ஊர்கிறது, அட்டை ஊர்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று எழுத்தறியாத பாட்டியும் சொல்கிறாள். இப்பொருளினின்றே ஏறிச் செல்லுதல் என்னும் பொருளும் கிளைத்தது. குதிரை மேல் அமர்ந்தவன் தான் அடிவைப்பதில்லை; அதன் முதுகோடு ஒட்டியே செல்கிறான். ஆதலின் குதிரை ஊர்ந்தான், யானை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்பன சங்க வழக்கு. முப்பத்தேழாம் குறளில் சிவிகை சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் எதிரெதிர் நிறுத்தும் வள்ளுவர், அமர்ந்து செல்பவனை 'ஊர்ந்தான்' என்றே குறிக்கிறார். ஊரப்படுவது ஊர்தி. இன்று நோயாளியை ஏற்றிச் செல்வதும் ஊர்தி, தீயணைக்க விரைவதும் ஊர்தி, இறந்தாரை இறுதியாக ஏற்றிச் செல்வதும் ஊர்தி. பாம்புக்கும் வண்டிக்கும் ஒரே வேர் என்றால் நகைப்பார் உளர்; நகைப்பவர் தம் மொழியை அறியார்.

இடையில் ஒரு சொல். 'பேரூந்து' என்று நெட்டெழுத்திட்டுப் பலகை எழுதுவோர் பெருகிவிட்டனர். அது ஊர் என்னும் வேரிலிருந்து வந்ததன்று; உந்து என்பதிலிருந்து வந்தது. பேருந்து என்றே எழுதல் வேண்டும். தூய சொல்லைத் தேடிப் பிடித்துவிட்டுப் பிழையாக எழுதுவது, புத்தாடை உடுத்திச் சேற்றில் அமர்வது போலாம்.

உலகின் பிறமொழிகள் இவ்வுயிர் வகுப்பை எவ்வாறு அழைத்தன? இலத்தீனில் 'இரேப்பெரே' என்றால் ஊர்தல். அவ்வினையினின்று வந்ததே ஆங்கிலர் வழங்கும் 'இரெப்டைல்' என்னும் சொல். அதே இலத்தீனில் 'செர்ப்பெரே' என்றாலும் ஊர்தலே; அதிலிருந்து பாம்பைக் குறிக்கும் 'செர்ப்பென்சு'. கிரேக்கத்தில் 'ஏர்ப்பெயின்' என்றால் ஊர்தல். அதிலிருந்து ஊர்வனவற்றைக் குறிக்கும் 'ஏர்ப்பெட்டான்'. தோலில் ஊர்ந்து படரும் ஒரு நோய்க்கும் கிரேக்கர் அவ்வேரிலிருந்தே பெயரிட்டனர். வடமொழியில் 'சிருப்' என்றால் ஊர்தல். அதிலிருந்து சர்ப்பம், சரீசிருபம். செர்ப்பென்சு, ஏர்ப்பெட்டான், சர்ப்பம் ஆகிய மூன்றும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேலை மொழிநூலார் முடிவுகட்டி நெடுங்காலமாகிறது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று. வடமொழி உலக மொழிகட்கெல்லாம் தாய் என்றும், அதன் சொற்கள் தேவர் வாயினின்று உதிர்ந்தன என்றும் ஊரை ஏய்த்தவர்கள், அம்மொழியின் சர்ப்பம் இலத்தீனச் சொல்லின் உடன்பிறப்பே என்ற செய்தியை மறைத்தே வைத்தனர். ஆரிய மொழிக் குடும்பம் தன் வேரிலிருந்து தன் சொல்லை ஆக்கிக்கொண்டது. தமிழ்க் குடும்பம் தன் வேரிலிருந்து தன் சொல்லை ஆக்கிக்கொண்டது. ஊர்ந்து செல்வதைக் கண்டு இருசாராரும் அதன் செலவாலேயே பெயரிட்டனர். கண் ஒன்று, காட்சி ஒன்று, மொழி வேறு. இதில் எவர் எவர்க்குக் கடன்பட்டார்?

'ஊர்வன' என்பதே 'உரகம்' என்பதன் திரிபு என்று கூறும் துணிவுடையாரும் உண்டு. ஒலி சற்றே ஒத்திருப்பதொன்றே அவர்க்குச் சான்று. உரகம் என்பது 'உரசு' என்னும் வடசொல்லும் 'க' என்னும் ஈறும் கூடியது. உரசு என்றால் மார்பு. 'க' என்றால் செல்வது. மார்பாற் செல்வது என்பது அதன் பொருள். மார்பும் அதில் உண்டு, செல்லுதலும் அதில் உண்டு. ஊர்தல் மட்டும் இல்லை. தமிழ் ஊர் என்பதோ பகுக்கவொண்ணா வினைமுதல். அதிலிருந்து ஊர்ந்தான், ஊர்கிறது, ஊரும், ஊர்தி, ஊர்தல் என முழுக்குடும்பமே தழைத்துள்ளது. உரகத்திற்குத் தமிழில் ஒரு வினையுண்டா? 'உரகினான்' என்று எவரேனும் சொன்னதுண்டா? வேரோடும் கிளையோடும் மண்ணில் நிற்கும் ஆலமரத்தைக் காட்டி, அது பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடியின் பதியன் என்பதை ஒக்கும் இக்கூற்று.

ஒலியொப்புமை உறவாகாது என்பதற்குப் பாப்பாரப்பட்டியே நல்ல எடுத்துக்காட்டு. அவ்வூர்ப் பெயர், பார்ப்பார் என்னும் பழஞ்சொல் பேச்சு வழக்கில் ரகரந் தேய்ந்து பட்டி என்பதனோடு கூடியது. தொல்காப்பிய மரபியலோ பறவைக் குஞ்சுக்கு 'பார்ப்பு' என்று பெயர் சொல்கிறது. பார்ப்பு என்பதும் பார்ப்பார் என்பதும் சிறிதே வேறுபடக் காதில் விழுகின்றன. அதுகொண்டு இது குஞ்சுகளின் பட்டி என்று எவரேனும் எழுதினால் பள்ளிப் பிள்ளையும் கைகொட்டிச் சிரிக்கும். உரகத்திலிருந்து ஊர்வனவற்றை வருவிப்பாரைக் கண்டு மட்டும் பட்டம் பெற்றவர்கள் சிரிப்பதில்லை, தலையாட்டுகின்றனர். தமிழுக்குள்ளேயும் இந்த எச்சரிக்கை வேண்டும். மக்கள் வாழும் ஊரும் பாம்பு ஊரும் ஊரும் எழுத்தால் ஒன்றே. அதனாலேயே அவை ஒருவேரின என்று அடித்துப் பேசுவது சொல்லாராய்ச்சி ஆகாது. வடவர் செய்தால் பிழை, தமிழர் செய்தால் நிறை என்னும் நடுவின்மை தனித்தமிழுக்கு அரணாகாது.

மரபியலின் அப்பகுதி மேலும் நோக்கத்தக்கது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் பெயரென்று கூறிய தொல்காப்பியர், அடுத்த நூற்பாவிலேயே 'தவழ்பவை' என்று ஒரு வகுப்பைச் சுட்டி, அவற்றின் இளமைக்கும் அப்பெயர்களே உரியவென்கிறார். முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதில் பறவையும் ஊர்வனவும் ஒரு நெறியின என்பதைக் கண்ட கண்ணன்றோ அது! தொல்காப்பியர் விலங்கியல் எழுதவில்லை, இலக்கணமே எழுதினார். ஆயினும் மரபுப் பெயர் வகுக்குங்கால் உயிர்களின் வாழ்வை உற்றுநோக்கியே வகுத்தார். சுவீடன் நாட்டு இலினேயசு 1758இல் தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டபோதும் பாம்பையும் பல்லியையும் தவளையோடு சேர்த்து ஒரே வகுப்பில் அடைத்திருந்தார் என்பதை ஒப்பிட்டுக் காண்க.

தொல்காப்பியர் வகுத்த மரபு ஏட்டில் உறங்கிவிடவில்லை. ஐங்குறுநூற்று மருதத்தில் ஓரம்போகியார் முதலையின் குட்டியையும் ஆமையின் குட்டியையும் 'பார்ப்பு' என்றே பாடுகிறார். முதலை தன் பார்ப்பையே தின்னும் கொடுமையும், ஆமைப் பார்ப்பு தாய்முகம் நோக்கி வளரும் பரிவும் தலைவனைப் பழிக்கவும் நெகிழ்விக்கவும் அங்கே உவமையாகின்றன. வள்ளுவத்திலோ ஐந்தடக்கும் ஆமை ஓரிடத்தும், ஆழ்நீரில் வெல்லும் முதலை ஓரிடத்தும், ஒரு குடிலுள் உடனுறையும் பாம்பு ஓரிடத்தும் வருகின்றன. எலிப்படை கெட உயிர்க்கும் 'நாகம்' மட்டும் வழக்காடு களத்தில் நிற்பது; அதனைத் தமிழென்பாரும் உண்டு, வடசொல்லென்பாரும் உண்டு. அவ்வழக்கு எப்படி முடியினும் பாம்பு, அரவு, பாந்தள், மாசுணம், கட்செவி என்னும் பெயர்கள் இருக்கையில் பன்னகத்திற்கும் புயங்கத்திற்கும் இங்கு என்ன வேலை? கண்ணே செவியாகக் கொண்டது என்று கருதிக் கட்செவி எனப் பெயரிட்டனர் முன்னோர். பாம்புக்குப் புறச்செவி இல்லை என்பதைக் கண்ட பின்னரே அப்பெயர் பிறந்திருக்கும். அது கண்ணாற் கேட்கிறது என்ற எண்ணம் தவறு. செவித்துளை இல்லை என்று கண்ட காட்சியோ சரியே.

பாப்பாரப்பட்டி நிற்கும் மண்ணின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் இன்று தருமபுரியென வடமொழிப் பெயர் சூடி நிற்கிறது. அவ்வதியமானைப் பாடிய ஔவையார் ஊர்வனவற்றைக் கொண்டே அவன் ஆற்றலை அளந்தார் என்பது எத்துணைப் பேர்க்குத் தெரியும்? புறநானூற்று 104ஆம் பாட்டில், சிறுவர் ஆடிக் கலக்கும் கணுக்காலளவு நீரிலும் யானையை இழுத்து வீழ்த்தும் 'கராம்' போன்றவன் என் தலைவன் என்று பகைவரை எச்சரிக்கிறார். 89ஆம் பாட்டில் அவனுடைய மள்ளர், அடிக்கும் கோலுக்கு அஞ்சாது எழும் அரவு போன்றவர் என்கிறார். கராம் என்பது முதலை வகையுள் ஒன்று. முதலை, இடங்கர், கராம் என்று மூன்றையும் தனித்தனி எண்ணுகிறது குறிஞ்சிப்பாட்டு. முதலையுள் வகை பிரித்துப் பெயரிட்ட மக்களின் வழிவந்தோர், இன்று காவிரிக்கரை ஒகேனக்கல்லில் வனத்துறையார் வளர்க்கும் முதலைகளை வேலிக்கு வெளியே நின்று கண்டு 'குரோக்கடைல்' என்று குழந்தைக்குக் காட்டுகின்றனர்! ஔவையின் கராம், அகரமுதலியில் மட்டும் உயிர்வாழ்கிறது.

ஒகேனக்கல் என்னும் பெயரைக் கேட்டுச் சிலர் அதுவும் அயன்மொழி என்று வெறுப்பர். அவ்வெறுப்பு வேண்டுவதில்லை. கன்னட 'ஒகெ' தமிழின் புகையே. தமிழில் சொன்முதற் பகரமாய் நிற்பது கன்னடத்தில் ஃகர ஒலியாய் மாறும். பால் ஆங்கு 'ஃகாலு' ஆனது. புகை 'ஃகொகெ' ஆனது. பாம்பு பழங்கன்னடத்தில் 'பாவு' ஆகிப் பின் 'ஃகாவு' ஆனது. தெலுங்கில் 'பாமு', மலையாளத்தில் 'பாம்பு'. ஆகத் தென்மொழிகள் நான்கும் தனிப் பாம்பைத் தம் குடிப்பெயரால் அழைக்கின்றன. பாம்பின் வகுப்பைச் சொல்ல வந்தவுடன் மூன்று மொழிகள் வடமொழியின் வாயிலில் சென்று நிற்கின்றன. கன்னடத்தில் 'தெவளு' என்று தவழும் வினை இன்றும் உயிரோடிருக்கிறது. அதிலிருந்து ஒரு பெயர் ஆக்க எவருக்கும் தோன்றவில்லை. மலையாளத்துப் பொதுமக்களோ 'இழசந்து' என்கின்றனர். இழைதல் தென்மொழி வினை. சந்து என்பது உயிரி குறித்த வடசொல். தலை தமது, உடல் கடன். நூல் எழுதும் கற்றோர் அந்தப் பாதித் தலையையும் கழற்றி எறிந்துவிட்டு உரகம் என்றனர். அம்மொழிகளைப் பழிப்பதற்காக இது கூறப்படவில்லை. ஒரு மொழி தன் வேரைக் கைவிடுவது எளியோர் வாயிலிருந்து தொடங்குவதில்லை, எழுதுகோல் பிடித்தோர் கையிலிருந்தே தொடங்குகிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

தமிழ்நாட்டிலும் எழுதுகோல் பிடித்தோர் என்ன செய்கின்றனர்? வடமொழி வாயிலில் நின்றவர் பிள்ளைகள் ஆங்கில வாயிலுக்கு இடம் மாறியுள்ளனர்; அவ்வளவே. தொலைக்காட்சியில் காட்டுயிர் பற்றிப் பேசுவோர் வாயில் 'ரெப்டைல்' உண்டு, 'கோப்ரா' உண்டு, 'வைப்பர்' உண்டு, 'வெனம்' உண்டு. கோப்ரா என்பது ஆங்கிலமும் அன்று. போர்த்துகீசியர் தம் மொழியில் பாம்பு என்று சொன்னதை ஆங்கிலர் கடன் கொண்டனர். கரையிறங்கிய போர்த்துகீசியன் 'பாம்பு பாம்பு' என்று அலறிய சொல்லைத் தமிழன் அறிவியல் என்று கருதித் தலையில் தூக்கி வைத்துள்ளான்! ஆனைக்கொன்றான் என்ற தமிழ்ச்சொல்லே 'அனகொண்டா' ஆயிற்று என்பாரும், அது சிங்களச் சொல் என்பாரும் இன்றும் சொற்போர் நடத்துகின்றனர். எதுவாயினும் அது இலங்கையிலிருந்து ஐரோப்பிய நூல்களில் ஏறிய பெயர். கொடுத்தவர்கள் மறந்துவிட்டுக் கொண்டவர்களிடம் போய்க் கையேந்துகின்றனர்.

இது வெறும் சொல்வழக்கு என்று தள்ளிவிடலாமா? 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்திய நாட்டில் ஏறத்தாழ 12 இலக்கம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டுள்ளது. மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர்ப்புறத்தார், உழவர், கூலிக்காரர். பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பநாட்டு நோய்களுள் ஒன்றாக உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் சேர்த்தது. இந்நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்ளும் நான்கு பாம்புகள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இப்பெயர்களைச் சூட்டிய பேராசிரியர் எவர்? ஒருவருமிலர். ஏர் பிடித்தவரும் ஆடு மேய்த்தவரும் சூட்டினர். உடலில் வெண்கட்டுகள் வரிந்திருப்பது கட்டுவிரியன். இரவில், தரையிற் படுத்துறங்குவோரைக் கடிப்பது அது. பல்தடம் தெரியாது, வலியும் மிகாது, விடிவதற்குள் இமை சரிந்து மூச்சு நிற்கும். முதுகில் கண்ணாடி வட்டங்கள் தொடராய் அமைந்தது கண்ணாடிவிரியன். அதன் நஞ்சு குருதியைக் கெடுத்துச் சிறுநீரகத்தைச் சாய்க்கும். உடலைச் சுருட்டிச் செதிலோடு செதில் உராய்ந்து ஒலியெழுப்புவது சுருட்டை. பெயரே அடையாளம், அடையாளமே எச்சரிக்கை.

கட்டுவிரியன் விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, நல்லபாம்பின் குடும்பத்தது. ஆகவே மக்கள் பெயர் அறிவியலுக்கு ஒவ்வாது என்று மூக்கை உயர்த்துவாரும் உளர். ஆங்கிலர் 'கொம்புத் தேரை' என்றழைக்கும் உயிரி தேரையன்று, பல்லி இனம். அதற்காக ஆங்கிலம் அறிவியலுக்கு ஒவ்வாது என்று எவரும் அதைத் தள்ளிவைக்கவில்லை. தமிழின் வழுவை மட்டும் நுண்பெருக்கி வைத்துத் தேடும் இக்கண்ணை என்னென்பது!

கணவனைப் பாம்பு தீண்ட, அவனைத் தோளில் தாங்கி வரும் பெண் மருத்துவமனை வாயிலில் 'கட்டுவிரியன்' என்கிறாள். கேட்பவருக்கு அச்சொல் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரியில் தமிழ்ப்பெற்றோர்க்குப் பிறந்து படித்த இளைஞர் அவளை நோக்கி 'கிரெய்ட்டா, வைப்பரா?' என்று வினவினால், அங்கே அறியாதவர் எவர்? அப்பெண் அறிந்ததைச் சொல்லிவிட்டாள். கல்விதான் தடையாக நடுவில் நிற்கிறது. 1978இல் மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுக் கழகத்தார், அந்நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து நச்சுமுறி மருந்துக்கு வழங்கி வருகின்றனர். அவருள் இருவர்க்கு 2023இல் நடுவணரசு தாமரைத்திரு விருது அளித்தது. மண்ணிலுள்ள தடத்தைக் கண்டே எப்பாம்பு எப்போது ஊர்ந்தது என்று சொல்லவல்லவர் அவர். அவ்வறிவு முழுதும் அவர்தம் வாய்மொழியில் இருக்கிறது. அம்மொழி ஏட்டில் ஏறவில்லையென்றால் அவ்வறிவும் அவரோடு மாயும்.

தனித்தமிழ் அன்பர்க்கும் சொல்ல வேண்டியது உண்டு. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு, எவர் வாயிலும் நுழையாத புதுச்சொற்களை நாளொன்றுக்குப் பத்தாகப் படைத்து மகிழும் போக்கு சிலரிடை காணப்படுகிறது. ஊர்வன இருக்க வேறொன்று எதற்கு? அரணை, ஓணான், உடும்பு, பல்லி, பச்சோந்தி, சாரை, மண்ணுளி, கொம்பேறி மூக்கன் என்று ஆயிரம் வாய்கள் வழங்கும் பெயர்களைத் தொகுத்து ஒவ்வொரு வட்டத்திற்கும் ஒரு சொல்லடைவு செய்வது, நூறு புதுச்சொல் படைப்பதினும் பெரும்பணி. பாவாணர் தலைமையில் 1974இல் அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமும் இத்தகைய நாட்டுப்புறச் சொற்களின் பொருட்டே ஊர்ப்புறங்களை நோக்க வேண்டியிருந்தது.

இன்னும் ஒரு பிழை களையப்படல் வேண்டும். பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் 'பாம்பு ஒரு ஊர்வன' என்று எழுதுகின்றனர். ஊர்வன பன்மை, அதன்முன் 'ஒரு' எப்படி நிற்கும்? 'ஊர்வனங்கள்' என்று பன்மைக்குப் பன்மை ஏற்றுவோரும் உளர். பாம்பு ஊர்வனவற்றுள் ஒன்று என்க. அல்லது, பாம்பு ஊர்வது, பாம்பும் பல்லியும் ஊர்வன என்க. ஒருமைக்குத் தனிப்பெயர் வேண்டுமெனில், பறப்பதைப் பறவை என்றாற்போல் ஈறு கூட்டித் தொழிற்பெயர் வழியே ஒன்று ஆக்கிக்கொள்ளும் உரிமையும் தமிழுக்கு உண்டு. ஆக்கும்வரை இலக்கணத்தை முறிக்காமல் எழுதினாற் போதும். பாப்பாரப்பட்டி மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சிவாவின் சிறைவாழ்வோடு 1915ஆம் ஆண்டின் அந்த ஐந்து உருபாப் பரிசையும் அவர்களுக்குச் சொல்லலாம். சொல்லிவிட்டு, அன்று வழியில் தாம் கண்ட ஓணானைப் பற்றியோ அரணையைப் பற்றியோ பிறசொல் கலவாமல் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லலாம்.